முகாமைக் கணக்கீடும் மட்டக்களப்பு வாழ்வும்

கணக்கு என்னுஞ் சொல் தமிழில் ஒரு பொருளோடு நின்றுவிடுவதன்று. எண்ணையும் அதன் கூட்டல் கழித்தலையும் குறிப்பது அதன் வெளிப்படையான பொருள். மேற்கணக்கு, கீழ்க்கணக்கு எனப் பழந்தமிழ் நூல்களை வகைப்படுத்துங்கால் அது நூலையே குறிக்கின்றது. "இது என்ன கணக்கு?" என்று ஒருவர் மற்றொருவரை மடக்கி வினவும்போதோ அது எண்ணையும் குறிப்பதில்லை, நூலையும் குறிப்பதில்லை, செயலின் நியாயத்தைக் குறிக்கின்றது. எண், நூல், நியாயம் ஆகிய இம்மூன்றும் ஒரு சொல்லில் அடங்கிக் கிடப்பதை மனத்திற் கொண்டு, பல்கலைக்கழகங்களில் இன்று தொடக்கநிலையிற் கற்பிக்கப்படும் முகாமைக் கணக்கீடு என்னும் பாடத்தை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அப்பாடம் எண்ணை நன்கு கற்பிக்கின்றது. நூலும் நிறைய உண்டு. நியாயத்தைக் கற்பிக்கின்றதா என்பதே நாம் எழுப்பும் வினா.

இவ்வினா நமது பிரதேசத்துக்கு அயலானதன்று. மட்டக்களப்பு நகருக்கு வடக்கே வந்தாறுமூலையில் 1981ஆம் ஆண்டு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986ஆம் ஆண்டு கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனத்திலும், தெற்கே ஒலுவிலில் 1996ஆம் ஆண்டு பல்கலைக்கழகத் தகுதி பெற்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் வணிகமும் முகாமைத்துவமும் பயிலும் மாணவர் பலர், வாவியின் இருகரையிலுமுள்ள ஊர்களிலிருந்து செல்வோரே. எழுவான்கரையின் மீன்பிடிக் குடும்பங்களும், படுவான்கரையின் வேளாண்மைக் குடும்பங்களும், கைத்தறியையும் கடைத்தெருவையும் நம்பி வாழும் குடும்பங்களும் தம் பிள்ளைகளை அங்கே அனுப்பியுள்ளன. ஆதலின் அப்பாடம் அவர்களுக்கு எதைக் காட்டுகின்றது, எதை மறைக்கின்றது என ஆராய்வது நமக்கு உரிய கடமையேயாம். ஈண்டுக் கூறப்படும் குறைகள் எந்த ஒரு நிறுவனத்தையோ ஆசிரியரையோ சுட்டியன அல்ல. உலகெங்கும் பரவியுள்ள பாடநூல் மரபு ஒன்றையே சுட்டியன என்பதை முதற்கண் கூறிக்கொள்ளுதல் தகும்.

முகாமைக் கணக்கீடு யாது? நிதிக் கணக்கீடு நடந்து முடிந்ததை வெளியாருக்கு, அஃதாவது பங்காளருக்கும் கடன் கொடுத்தோருக்கும் வரி இறுப்பிக்கும் அரசுக்கும், அறிவிப்பது. முகாமைக் கணக்கீடோ இனி நடக்கவேண்டியதைத் தீர்மானிப்பவருக்கு உள்ளிருந்து உதவுவது. எவ்வளவு விற்றால் முதல் தேறும், எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது, எந்த விலைக்குச் சம்மதிப்பது என்னும் வினாக்களே அதன் உயிர். நிலையான கிரயம், மாறும் கிரயம், பங்களிப்பு, இலாபநட்டமற்ற புள்ளி, பாதீடு, நியமக் கிரயம், முரண் எனத் தொடக்கப் பாடத்தின் அதிகாரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருவன.

இத்துறையின் வரலாறு ஆலையின் வரலாற்றோடு பிணைந்தது. 1772ஆம் ஆண்டு வணிகம் தளர்ந்தபோது, இங்கிலாந்தின் புகழ்பெற்ற மட்பாண்ட உற்பத்தியாளரான யோசையா வெட்ஜ்வுட் தம் பாண்டங்கள் ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவை நுணுகி ஆராய்ந்தார். உற்பத்தி குறைந்தாலும் தாம் குறையாத செலவுகள் சில உண்டென்பதைக் கண்டார். பின்னர் புகைவண்டிப் பாதைகளும் உருக்காலைகளும் பெருகின. 1919ஆம் ஆண்டு இங்கிலாந்திற் கிரயக் கணக்காளருக்கென ஒரு நிறுவனம் எழுந்தது. இன்று நம் மாணவர் பலர் அதன் பரீட்சைகளுக்கே தோற்றுகின்றனர். 1923ஆம் ஆண்டு அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜோன் மொறிஸ் கிளார்க், மேந்தலைச் செலவுகளைப் பற்றிய தம் நூலில், நோக்கம் வேறுபட்டாற் கிரயமும் வேறுபடும் என்னும் உண்மையை நிலைநாட்டினார். 1962ஆம் ஆண்டு சாள்ஸ் ஹோன்கிரென் எழுதிய கிரயக் கணக்கீட்டு நூல், கணக்கைத் தீர்மானத்தின் துணையாகக் காணும் நோக்கை வகுப்பறைக்குக் கொணர்ந்தது. 1987ஆம் ஆண்டு தோமஸ் ஜோன்சன், றொபேட் கப்லான் என்னும் இருவரும் இத்துறை தன் பொருத்தத்தை இழந்துவிட்டதென்று நூலெழுதினர். நிதி அறிக்கைக்கென வகுத்த எண்களையே முகாமையாளரும் நம்பியிருப்பதால், அவை காலந் தாழ்ந்தும் திரண்டும் திரிந்தும் வந்து சேர்கின்றன என்பது அவர்கள் கூற்று. எனவே இத்துறையைக் குறைகூறுவோர் அதற்கு வெளியே நின்றோர் மட்டுமல்லர். அதன் தலைமக்களே அதனைத் திருத்த முற்பட்டனர் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

குறையைக் கூறுமுன் நிறையைக் கூறுதல் திறனாய்வாளன் கடன். இப்பாடத்தின் நடுநாடியாகிய கருத்து மிக உயர்ந்தது. ஒரு தீர்மானத்தின்போது எண்ணவேண்டியது அத்தீர்மானத்தால் மாறுவதை மட்டுமே; எவ்வழிச் சென்றாலும் மாறாததை எண்ணி மயங்குதல் வீண் என்பதே அது. இஃது ஆலை முதலாளிக்கு மட்டும் உரிய அறிவன்று. தெரிந்து செயல்வகை என்னும் அதிகாரத்தைத் தொடங்கும் வள்ளுவர், ஒரு வினையால் இழப்பது யாது, பெறுவது யாது, பின்னர் அது தரும் பயன் யாது என மூன்றையும் நிறுத்துப் பார்த்தபின்னரே அதனைச் செய்க என்கின்றார். வரப்போகும் பெருக்கத்தை நம்பிக் கைம்முதலை இழக்கும் முயற்சியை அறிவுடையோர் மேற்கொள்ளார் என்பதும் அவ்வதிகாரத்தின் கருத்தே. வள்ளுவர் கணக்காளர் என்று கூறி மகிழ்வது நம் நோக்கமன்று. ஒரு நல்ல கருத்து எந்நாட்டுக்கும் உரியதாதலின், அதனை நம் நாட்டு வாழ்விலே வைத்துக் கற்பித்தல் இயலும் என்பதே ஈண்டு வேண்டப்படுவது.

இனிக் குறைகளை ஆராய்வாம். தலையாய குறை, பாடநூலில் எண்கள் யாவும் கொடுக்கப்பட்டே வருதல். "நிலையான கிரயம் இவ்வளவு, அலகொன்றின் மாறும் கிரயம் இவ்வளவு, விற்பனை விலை இவ்வளவு, இலாபநட்டமற்ற புள்ளியைக் காண்க" என்று வினாத்தாள் பணிக்கின்றது. மாணவன் வகுத்துக் காண்கின்றான். விடை சரியெனின் புள்ளி பெறுகின்றான். அவ்வெண்களை யார் அளந்தார், எவற்றை விட்டார், ஏன் விட்டார் என்னும் கேள்விக்கு அங்கே இடமில்லை. வாழ்விலோ வகுத்தல் எளிது. எண்ணைப் பெறுதலே அரிது. அரியதை விடுத்து எளியதிற் பயிற்றுவதால், நான்காண்டு பயின்ற மாணவன் தன் தந்தையின் வயற்கணக்கை எழுதமாட்டாதவனாய் நிற்கும் நிலை நேர்கின்றது. தந்தையின் வயலில் எண்கள் கொடுக்கப்பட்டு வருவதில்லை அன்றோ?

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். இங்கே தரும் தொகைகள் விளக்கத்தின் பொருட்டு யாம் வகுத்தவை. ஓர் ஏக்கர் வயலுக்கு உழவு, வித்து, உரம், களைகொல்லி ஆகியவற்றுக்கு ரூபா 80,000 செலவாயிற்று. அறுவடைக்கும் ஏற்றியிறக்கலுக்கும் இன்னும் ரூபா 20,000 வேண்டும். 2,000 கிலோ விளைந்தால் கிலோ ஒன்றின் கிரயம் ரூபா 50. விலை ரூபா 70 எனின் கிலோவுக்கு ரூபா 20 மிஞ்சும். ஆனால் மார்கழி மழையில் வெள்ளம் புகுந்து 600 கிலோவே எஞ்சியதெனக் கொள்வோம். முழுச் செலவையும் வகுத்தாற் கிலோவின் கிரயம் ரூபா 166க்கு மேற்செல்கின்றது. ரூபா 70 விலைபோகும் நெல்லை அக்கிரயத்தில் அறுப்பதா? பாடநூல் இங்கே நன்றாக வழிகாட்டுகின்றது. 80,000 போனது போனதே. அஃது அமிழ்ந்த கிரயம். இனிச் செலவாவது 20,000. இனி வருவது 42,000. ஆகவே அறுத்தால் ரூபா 22,000 மிச்சம், அறுப்பதே தக்கது. படுவான்கரைக் கமக்காரர் எவரும் நூலின் துணையின்றியே இம்முடிவைச் செய்வர். நூலும் அனுபவமும் ஒத்து நிற்குமிடம் இது.

ஆயினும் கதை அவ்வளவில் முடிவதன்று. அந்த 80,000 ரூபாவும் நெல்லாலை முதலாளி ஒருவர் முற்பணமாகத் தந்தது என்று வைத்துக்கொள்வோம். நெல்லைத் தமக்கே தரவேண்டும், அதுவும் கிலோ ரூபா 60 வீதம் தரவேண்டும் என்பது அவர் நிபந்தனை. அப்போது 600 கிலோவுக்கும் உரிய 36,000 ரூபாவும் கடனிற் கழிந்துபோம். அறுவடைக்கான 20,000 ரூபாவைக் குடும்பம் வேறெங்கோ தேடவேண்டும். நகையை அடைவு வைக்கவேண்டியும் நேரும். கடன் குறைவதால் நட்டமில்லை என்று நூல் கூறலாம். கையிற் காசில்லை என்பதும் உண்மையே. மேலும், கடனைத் தீர்த்தவருக்கே அடுத்த போகத்துக்கு முற்பணம் கிடைக்குமாதலின், போன செலவு முற்றாக அமிழ்ந்துவிடுவதில்லை. அடுத்த போகத்தின் வாயிலில் வந்து நிற்கின்றது. சந்தை விலைக்கும் முதலாளியின் விலைக்கும் உள்ள 10 ரூபா வேறுபாடு வட்டியே எனினும், வட்டி என்னும் பெயரில் எந்த ஏட்டிலும் அது எழுதப்படுவதில்லை. முன்னாளிற் போடியாருக்கும் முல்லைக்காரருக்கும் இடையே நிலவிய முற்கொடைகளிலும் இத்தகைய பெயரில்லாச் செலவுகள் மறைந்து கிடந்தன. பெயரில்லாத செலவுக்குப் பெயரிட்டு எழுதக் கற்பிப்பதன்றோ கணக்கீட்டின் முதற் பாடமாக இருத்தல் வேண்டும்?

இரண்டாவது குறை, முரண் ஆய்வு பற்றியது. நியமமாக வகுத்த செலவுக்கும் உண்மையில் நேர்ந்த செலவுக்கும் உள்ள வேறுபாட்டை விலை, பயன்பாடு எனப் பகுத்து, அனுகூலம், பாதகம் என முத்திரையிடுதல் பாடத்தின் முக்கிய பகுதி. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி நாட்டில் தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டின் பிற்பகுதியில் அத்தடை தளர்த்தப்பட்டது. தொடர்ந்து வந்த 2021/22 பெரும்போகத்தில் நெல் விளைச்சல் வீழ்ந்தது. அப்போகத்தின் வயலொன்றுக்குப் பாடநூல் முறையில் முரண் அறிக்கை எழுதினால் என்னாகும்? யூரியா கிடையாமையால் அதனை இடாத வயலில் உரப் பயன்பாட்டு முரண் "அனுகூலம்" என்று வரும். விளைச்சலில் மட்டுமே பாதகம் தோன்றும். உரத்தைச் சிக்கனப்படுத்தியதற்குப் பாராட்டும், விளைச்சலைக் கெடுத்ததற்குக் கண்டனமும் ஒரே கமக்காரருக்கு ஒரே தாளில் வந்து சேரும். இரண்டும் அவர் செயலல்ல. முரண் ஒரு விலகலைக் காட்டுமேயன்றிக் காரணத்தைக் காட்டாது. காரணத்தைக் காட்டாதது பொறுப்பையும் காட்டாது. கட்டுப்படுத்தத்தக்கன, தகாதன என்னும் பாகுபாடு பாடநூலில் உண்டு. ஆயினும் அது பெரும்பாலும் ஒரு பந்தியோடு முடிந்துபோகின்றது. சூத்திரங்களோ பல பக்கம் நீள்கின்றன. இதனைத் தலைகீழாக்கினால் நன்மை விளையும்.

மூன்றாவது, கூலியில்லா உழைப்பைப் பற்றியது. பாடநூலின் ஆலையில் உழைப்பவர் எல்லோரும் கூலிப் பட்டியலில் உள்ளவர். நமது வாவிக்கரையிலோ தோணி வலிப்பவர் தந்தை, உடன் செல்பவர் மகன். வலை பொத்துபவரும் மீனைத் தரம்பிரிப்பவரும் தாயும் மகளும். நாளொன்றுக்கு மீன் விற்ற காசு ரூபா 3,000. கைச்செலவு ரூபா 1,000 எனக் கொண்டால் 2,000 இலாபமெனக் கணக்கு முடிகின்றது. நால்வரது உழைப்பு அதிற் சுழியமாக நிற்கின்றது. இக்குறையை உணர்ந்த மாணவன் ஒருவன் அமையச் செலவு என்னும் கருவியை எடுத்துக்கொண்டு, "தந்தையும் மகனும் கூலிக்குச் சென்றால் நாளுக்கு ரூபா 5,000 கிடைக்கும், ஆதலின் இத்தொழிலில் நாளும் ரூபா 3,000 நட்டம், விட்டுவிடுக" என்று முடிபு கூறலாம். இதுவும் பிழையே. அமையச் செலவு என்பது உண்மையிற் கைக்கெட்டும் மறுவழியின் மதிப்பேயன்றிக் கற்பனையில் உள்ள மறுவழியின் மதிப்பன்று. கூலிவேலை மாதத்தில் ஆறு நாளே கிடைக்குமெனின், எஞ்சிய நாட்களுக்கு அக்கூலியை எழுதுதல் கணக்காகாது. மறுபுறத்தே, வலை பொத்தும் நேரத்திற் பன்பாய் இழைத்து விற்கக்கூடிய பெண்ணின் உழைப்பைச் சுழியமென்று எழுதுவதும் கணக்காகாது. சுழியமும் அன்று, சந்தைக் கூலியும் அன்று. இடையிலே எங்கோ உள்ள உண்மையை ஊரில் விசாரித்தறிந்தே எழுதவேண்டும். விசாரித்தறிதல் பாடத்திட்டத்தில் இல்லை என்பதே நமது முறையீடு.

இங்குள்ள இடர் ஏட்டளவில் நிற்பதன்று. பெண்களின் உழைப்பைச் சுழியமாக எண்ணிய கணக்கினால், சிறுதொழில் ஒவ்வொன்றும் இலாபம் தருவதாகத் தோன்றுகின்றது. அத்தோற்றத்தை நம்பிக் கடன் வழங்கப்படுகின்றது; பெறப்படுகின்றது. 2018ஆம் ஆண்டில் வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தாமே ஏற்பதாக அரசாங்கம் அறிவிக்கும் அளவுக்கு அச்சுமை முற்றியது. அக்கடன்களின் கொடுமைக்கு வட்டி வீதமும் வசூலிக்கும் முறையும் காரணம் என்பது உண்மை. தவணையைத் தாங்கும் வருவாய் அத்தொழிலில் உண்டா என்று ஒருவரும் நேர்மையாகக் கணக்கிடாமையும் காரணமன்றோ? அக்கணக்கை எழுதவல்லவர் அவ்வூர்களிலிருந்தே பல்கலைக்கழகம் சென்ற பிள்ளைகள் அல்லாது வேறு யாவர்?

நான்காவது, கூட்டுக் கிரயம் பற்றியது. ஒரே செலவில் இரு பொருள் பிறக்குமிடத்து அச்செலவைப் பிரிப்பது எங்ஙனம் என்னும் இப்பிரச்சினைக்குப் பாடநூல் மண்ணெண்ணெயையும் பெற்றோலையும் உதாரணமாகக் காட்டும். நமக்கோ வாழைச்சேனையே போதும். 1950களில் அங்கே எழுந்த கடதாசி ஆலை வைக்கோலை மூலப்பொருளாகக் கொண்டது. களத்தில் எரித்தும் மாட்டுக்கு இட்டும் வந்த வைக்கோல் திடீரென விலைப்பொருளாயிற்று. முன்கூறிய வயலையே எடுத்துக்கொண்டு, நெல் ரூபா 140,000க்கும் வைக்கோல் ரூபா 10,000க்கும் விற்றதாகக் கொள்வோம். வைக்கோலைக் கணக்கில் எடாவிடின் நெல்லின் கிரயம் கிலோவுக்கு ரூபா 50. அதனை உபபொருளாகக் கொண்டு அதன் விலையைச் செலவிற் கழித்தால் ரூபா 45. விற்பனைப் பெறுமதி விகிதப்படி செலவைப் பகிர்ந்தால் ஏறத்தாழ ரூபா 46.67. கிரயம் மூன்றாக மாறியும், வயலின் மொத்த மிச்சம் மூன்று வழியிலும் ரூபா 50,000 என்பதில் மாற்றமில்லை. பிரிக்கும் முறை நாம் வகுத்ததே, இயற்கை வகுத்ததன்று என்னும் உண்மை இதனால் எளிதிற் புலனாம். இன்னுமொன்று: அந்த 10,000 ரூபாவும் இனாமாக வந்ததன்று. கோடையில் எருமைக்குத் தீனியாகவும், மண்ணுக்கு மீண்டு செல்லும் சத்தாகவும் இருந்ததையே விற்றோம். எருமை மெலிந்தால் தயிர்ச்சட்டியிலே அச்செலவு தோன்றும். வயற்கணக்கையும் பட்டிக் கணக்கையும் தனித்தனியே பார்ப்பவருக்கு இது புலப்படாது.

செலவைப் பகிர்தல் என்பது எண்ணின் வேலை மட்டுமன்று, இசைவின் வேலையுமாம் என்பதற்கு நமது கோயில்கள் சான்று. மட்டக்களப்புப் பிரதேசத்துக் கோயில்களிற் பொருட் பொறுப்பை ஏற்போர் வண்ணக்கர் எனப்படுவர். சங்கப் புலவர் சிலர் பெயரோடு வரும் வண்ணக்கன் என்னுஞ் சொல் நாணயத்தின் மாற்றறிவோனைக் குறித்தது. காசின் தரத்தை அறிந்தவன் பெயர், கோயிற் பொருளைக் காப்பவர் பெயராய் இங்கே இன்றும் வழங்குகின்றது. திருவிழா நாட்கள் குடிக்கும் ஊருக்கும் உரிமையாகப் பகுக்கப்பட்டு, அந்நாளின் செலவை அவரவரே ஏற்பர். பாடநூலின் கண்கொண்டு பார்த்தால் இது செலவுப் பகிர்வு. ஆனாற் பகிரப்படுவது சுமையாக மட்டும் கருதப்படுவதில்லை. உரிமையாகவும் மதிப்பாகவும் கருதப்படுகின்றது. ஆகையாற் செலவைக் குறைத்துக் காட்ட எவரும் முற்படார். சில வேளைகளிற் கடன்பட்டும் பெருக்கிக் காட்ட முற்படுவர். செலவைத் தாங்குவோர் அதனை எவ்வாறு உணர்கின்றனர் என்பது எண்ணையே மாற்றவல்லது என்னும் பாடம் இதிலுண்டு. இதனைப் புகழ்ந்து மட்டும் பேசுதல் நேர்மையாகாது. உரிமை நாள் இல்லாத குடியினர் இக்கணக்கில் எங்கே நிற்கின்றனர் என்னும் கேள்வியும் மாணவன் கேட்கவேண்டியதே.

ஐந்தாவது குறை, எல்லை பற்றியது. முகாமைக் கணக்கீடு ஒரு நிறுவனத்தைச் சுற்றி வேலியிட்டுக்கொண்டு, வேலிக்குள் வருவதையும் போவதையுமே எண்ணுவது. மட்டக்களப்பு வாவியோ வேலிக்கு அடங்குவதன்று. மழைக்காலத்தில் வாவி நீர் உயரும்போது, மணலால் அடைபட்ட முகத்துவாரத்தை வெட்டிக் கடலோடு இணைத்தல் வழக்கம். வெட்டுவதற்கு ஆகும் கூலியும் இயந்திரச் செலவும் மிகச் சிறியன. ஆனால் என்று வெட்டுவது என்பதிலேயே யாவும் தங்கியுள்ளது. காலந்தாழ்த்தினாற் கரையோர வயலும் வீடும் நீரில் மூழ்கும். முந்தி வெட்டினால் நன்னீர் வீணே வடியும், உவர் உட்புகும், மீனும் இறாலும் பெருகும் முறையும் மாறும். கமக்காரரின் ஆதாயம் மீனவருக்கு இழப்பாகவும், மீனவரின் ஆதாயம் கமக்காரருக்கு இழப்பாகவும் முடிதல் கூடும். இத்தீர்மானத்துக்குப் பொருத்தமான கிரயம் எது? வெட்டுக்கூலியை மட்டும் எழுதும் அலுவலகக் கணக்கு பிழையற்றதாயினும் பயனற்றது. தீர்மானத்தால் மாறுவன யாவற்றையும் எண்ணுக என்னும் தன் விதியை இத்துறை முழுமையாக ஏற்குமாயின், வேலிக்கு வெளியே உள்ளவரின் இழப்பையும் எண்ணவேண்டும். தன் சிறந்த விதியைத் தானே பாதியிற் கைவிடுதல் இப்பாடத்தின் ஆழ்ந்த முரண் என்போம்.

இனி மொழி பற்றி ஒரு சொல். நம் மாணவர் உயர்தர வகுப்பு வரை கணக்கீட்டைத் தமிழிற் பயின்று, பல்கலைக்கழக முகாமைத்துவப் படிப்பிற் பெரும்பாலும் ஆங்கிலத்தை எதிர்கொள்கின்றனர். ஆங்கிலம் வேண்டாமென்பது நம் கருத்தன்று. இத்துறையின் நூல்களும் தொழில்வாய்ப்பும் அம்மொழியிலேயே மிகுதி. ஆயினும் இரு மொழிக்கும் இடையிற் பொருள் தவறி விழுகின்றது. மேந்தலை என்று பள்ளியில் மனப்பாடம் செய்த சொல்லையும், பின்னர் மனப்பாடம் செய்யும் ஆங்கிலச் சொல்லையும் மாணவன் இணைக்கின்றான். இரண்டையும் ஒரு பொருளோடு இணைப்பதில்லை. எந்த ஒரு தோணிக்கும் தனியே உரியதாகாமல் எல்லாத் தோணிகளுக்கும் பொதுவாக ஆகும் வாடிச் செலவே அது என்று ஒருமுறை காட்டினால் இரு சொல்லும் உயிர்பெறும். முகாமை என்னுஞ் சொல்லே கோயில் முகாமைக்காரர் என்னும் வழக்கில் நம் நாட்டார் நாவிற் பழகியதன்றோ? பண்டிதர் வீ. சீ. கந்தையா 1964ஆம் ஆண்டு வெளியிட்ட "மட்டக்களப்புத் தமிழகம்" போன்ற நூல்கள் இப்பிரதேசத்தின் வாழ்வையும் வழக்கையும் தொகுத்து வைத்துள்ளன. வணிகபீட மாணவன் அவற்றைத் தமிழ்த்துறைக்கு உரியனவென ஒதுக்குதல் தகாது.

இக்கருத்துக்கு மறுப்புகள் எழுதல் இயல்பு. "மாணவன் கொழும்பிலோ கடல்கடந்தோ வேலை தேடுபவன், அவனுக்கு வயற்கணக்கு எதற்கு?" என்பது ஒன்று. மறுப்பு வலியுடையதே, குடும்பத்தின் நம்பிக்கையும் அதுவே. ஆனால் எண் எங்கிருந்து வந்தது என வினவப் பழகியவன் எந்த அலுவலகத்திலும் சிறப்பான். கொடுத்த எண்ணை வகுக்க மட்டும் பழகியவனது வேலையை இன்று கணினியே செய்துவிடுகின்றது. "தொடக்க வகுப்பில் இத்தனை சிக்கலை நுழைத்தால் மாணவர் குழம்புவர்" என்பது மற்றொன்று. எளிய ஆலைக் கணக்கிலே தொடங்குவதை நாம் தடுக்கவில்லை. தொடங்கிய இடத்திலேயே முடித்துவிடுவதையே தடுக்கின்றோம். "நம்மவர் முறைகளே சிறந்தன, மேனாட்டுக் கணக்கு வேண்டா" என்று கூறுவோரும் உளர். அவர்க்கு நாம் உடன்படோம். நம்மவர் முறைகளிற் பெண்ணின் உழைப்பும் கடனின் வட்டியும் மறைந்து கிடந்ததை மேலே கண்டோம். அவற்றை வெளிக்கொணரும் கருவியைத் தந்தது அந்த மேனாட்டுக் கணக்கே.

செய்யத்தக்கது யாதெனின், பெருஞ் செலவு வேண்டாத ஒன்றைக் கூறுவாம். தொடக்கப் பாடம் பயிலும் ஒவ்வொரு மாணவனும் மாணவியும் தம் ஊரில் ஒரு தொழிலைத் தேர்ந்து, ஒரு போகம் அல்லது ஒரு பருவம் முழுவதும் அதன் கணக்கை எழுதுக. வயலோ, தோணியோ, தயிர்ப்பட்டியோ, மருதமுனைத் தறியோ, நெல்லாலையோ எதுவும் ஆகலாம். உழைத்தோர் யாவர், எத்தனை மணிநேரம், முற்பணம் எவருடையது, எந்த எண் அளந்தது, எந்த எண் ஊகித்தது என்பவற்றைக் குறிப்பாராக. ஊகித்ததை ஊகம் என்றே எழுதுக. உரியவர் பெயரையும் கடனையும் வெளியிடாது காப்பதும் இப்பயிற்சியின் ஒரு பகுதியாகட்டும். முடிவில் அக்கணக்கைத் தமிழில் எழுதி, கணக்குக்கு உரியவரிடமே வாசித்துக் காட்டுக. அவர் "இது விட்டுப்போயிற்று" என்று சுட்டுவதே பரீட்சகரின் முதற் புள்ளியாகும். இதற்குச் சூத்திரம் ஒன்றும் புதிதாக வேண்டியதில்லை; நேரமும் பணிவும் வேண்டும்.

தொகுத்து நோக்குமிடத்து, முகாமைக் கணக்கீடு கைவிடத்தக்க பாடமன்று. பாதியிலே நிறுத்தப்பட்ட பாடம் என்பதே நமது முடிபு. மாறுவதை எண்ணுக என்னும் அதன் விதி மெய்யானது. யாருக்கு மாறுகின்றது, யார் அதனை எண்ணினார் என்னும் இரு வினாக்களை அதனோடு சேர்த்தால் அது முழுமை பெறும். அவ்வினாக்களுக்கு விடை நூலகத்தில் இல்லை. வட்டையிலும் வாவிக்கரையிலும் உள்ளது. இன்று நம் கல்லூரியில் வர்த்தகம் பயிலும் மாணவர் நாளை அக்கணக்கை எழுதுவாராயின், தவணை கேட்டு வாசலில் நிற்பவருக்கு விடை கூற ஒரு தாய்க்கு ஏட்டின் துணை கிடைக்கும். கணக்கென்னுஞ் சொல் தன் மூன்றாவது பொருளை மீளப் பெறுவதும் அன்றே ஆகும்.